டிராக் பாடியவள்

விருதுக் கேடயத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு, இசையமைப்பாளர் பானோஜி ராவ் ஹைதராபாத் கிருஷ்ணா நகரில் ஹைமவதியின் வீட்டுப் படியேறினார்.

ஹைமவதி அவரிடம் டிராக் பாடுபவள். பெரிய பாடகி கேட்டுப் பழகுவதற்காக முதலில் பாடி வைப்பாள். பாடகி வந்து பாடியதும் இவள் குரலை அழித்துவிடுவார்கள்.

"அந்தப் பாட்டுல உன் குரலை நான் அழிக்கலம்மா," என்றார் உட்காராமலே. "அந்தம்மா பாடினதுல உயிரே இல்ல. அன்னைக்கு மாதிரி நீ என்னைக்குமே பாடினதில்ல. அதையே வெச்சுட்டு, பேரை மட்டும் அவங்களுதா போட்டேன். ஆறு வருஷமா அந்தப் பாட்டு எங்க கேட்டாலும் எழுந்து ஓடறேன். அதுக்கு எனக்குக் கிடைச்ச இந்த விருது உன்னுது."

அழுவாள், இல்லையென்றால் திட்டுவாள் என்று நினைத்தார். அவள் முகமோ வெளிறிப்போனது.

"மெதுவா பேசுங்க, மாஸ்டர்காரு!" சமையலறையைப் பார்த்தபடி கிசுகிசுத்தாள். "அன்னைக்கு நீங்க விசாகப்பட்டினத்துல இருந்தீங்க. எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. வாய்ப்பு போயிடுமேன்னு, ரெக்கார்டிஸ்ட்கிட்ட கெஞ்சி என் நாத்தனாரைப் பாட வெச்சேன். எப்படியும் அழிக்கப்போறதுதானேன்னு உங்ககிட்ட சொல்லல."

அதற்குள் நாத்தனார் ராஜ்யம் காபியோடு வந்துவிட்டாள். அவரைக் கண்டதும் கூச்சத்தோடு சிரித்தாள்.

"தினமும் அந்தப் பாட்டைக் கேக்கறேன், சார். அந்தப் பாடகியம்மாவுக்கு எவ்வளவு பெரிய மனசு! டிராக்குல நான் மூச்சு வாங்கின இடத்தைக்கூட மாத்தாம, அப்படியே என்னை மாதிரியே பாடியிருக்காங்க!"