ஆறாம் எண்

"ஆறாம் நம்பர்தாம்பா என் கழுத்தை அறுத்துட்டார்!" என்றபடி மகள் ஒரு காகிதத்தைச் சாப்பாட்டு மேசையில் போட்டாள்.

நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். ஓய்வுபெற்றுப் பத்து வருடமாகியும் அவர் முதுகு நாற்காலியில் சாய்ந்ததில்லை. வீங்கிய கன்னத்தை மட்டும் கைக்குட்டையால் தாங்கிப் பிடித்திருந்தார்.

"பதறாம சொல்லு."

"எட்டு வருஷ வேலைப்பா. இறால் ஓட்டுப் பொடியைத் துணியில ஏத்தி, ரத்தத்தை நிறுத்துற கட்டு செஞ்சேன். உங்க நடைப்பயிற்சிக் கூட்டத்துலேர்ந்து ஆறு பேர் சோதனைக்கு வந்தீங்க. கையில சின்னக் கீறல், மேல என் துணி. அஞ்சு பேருக்கு ரெண்டே நிமிஷத்துல நின்னுடுச்சு. ஆறாம் நம்பருக்கு இருபது நிமிஷம்!"

"துணியில ஏதாவது கோளாறு இருக்கும்."

"துணியில இல்ல, ஆள்கிட்ட. அவருக்கு ரத்தம் உறையாத நோய். 'குடும்பத்துல யாருக்காவது உண்டா'ன்னு படிவத்துல கேட்டதுக்கு ஆறு பேருமே 'இல்லை'ன்னு போட்டிருக்காங்க. ஆரோக்கியமான ஆளுக்கே இருபது நிமிஷம்னா இந்தத் துணி எதுக்குன்னு ஆய்வை மேற்பார்க்கிற குழு கேக்குது. ஆய்வை மூடச் சொல்லி, இதோ, காகிதமும் குடுத்தாச்சு. இன்னிக்கே கையெழுத்துப் போடணும்."

துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

"அவர் உண்மையை எழுதிக் குடுத்தாப் போதும்பா, எல்லாம் தலைகீழா மாறிடும். உறையாத ரத்தத்தையே நிறுத்தின துணின்னு தலையில தூக்கி வச்சுக் கொண்டாடுவாங்க. ஆனா விதிப்படி சோதனை நடந்த அறைக்குள்ள நான் போகக் கூடாது. ஆறாம் நம்பர் யாருன்னு சோதனை பண்ணின நர்ஸும் சொல்லக் கூடாது. அவரே வாயைத் திறந்தாத்தான் உண்டு. நீங்க கேட்டுப் பாருங்களேன்."

"கேளுங்களேன்" என்றாள் அம்மாவும், தரையைப் பார்த்தபடி.

நீதிபதி ஒவ்வொருவராகப் போனில் அழைத்தார்.

"என் ரத்தமா? அது என்னைவிடச் சோம்பேறி சார், வெளியில வரவே யோசிக்கும்" என்று சிரித்தார் மருந்துக் கடைக்காரர். வங்கிக்காரர் சீறினார்: "என் வம்சத்தையே சந்தேகப்படறீங்களா?" அடுத்த இரண்டு பேரும் "இல்லை" என்றார்கள். ஐந்தாவது ஆள் பேச்சின் நடுவிலேயே போனை வைத்துவிட்டார்.

"பார்த்தியா? மானமுள்ளவங்ககிட்டக் கேக்கிற கேள்வியா இது? உன்னால எனக்குத்தான் தலைகுனிவு."

"நோய்தானேப்பா, குத்தமா என்ன?"

"உனக்கு என்ன தெரியும்? ஞாயித்துக்கிழமை உன் தம்பிக்குப் பொண்ணு குடுக்கிறவங்க வர்றாங்க. நம்ம வம்சத்துல நோய்ங்கிற பேச்சே கிடையாதுன்னு நெஞ்சை நிமித்திச் சொல்லியிருக்கேன். மத்தவனுக்கும் அந்தக் கௌரவம் இருக்காதா?"

அவருடைய கௌரவம் வீட்டில் எல்லோரும் அறிந்ததுதான். எவன் கையும் தன் கழுத்தில் படக் கூடாது என்று சவரக் கடைப் பக்கமே போகமாட்டார். வீட்டில் பிளேடு கிடையாது, மின்சார ரேசர்தான். சொத்தைப் பல்லைக்கூட இரண்டு மாதமாக இழுத்தடித்து, வலி தாங்காமல் நாளைக்குத்தான் டாக்டரிடம் போக ஒப்புக்கொண்டிருந்தார்.

மகள் அவர் முகத்தையே பார்த்தாள்.

"அஞ்சு பேரையும் கேட்டாச்சு. இன்னும் யாரையாவது கேக்கணுமாப்பா?"

"வேற யாரு இருக்கா?" அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து அவளிடம் நீட்டினார். "போடும்மா. எதுக்கும் ஒரு முடிவு வேணும்."

பேனாவை வாங்கி, மூடியைக் கழற்றியபடி அவரைப் பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் கையெழுத்துப் போட்டாள். எட்டு வருடம் ஒரு கிறுக்கலில் முடிந்தது.

கிளம்பும்போது கைப்பையிலிருந்து ஒரு சின்ன வெள்ளைப் பொட்டலத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "மிச்சம் இருந்தது இது ஒண்ணுதான்."

"எனக்கு எதுக்கும்மா இது?"

"நாளைக்குப் பல்லைப் பிடுங்கினதும் ஈறுல வச்சு அழுத்திப் பிடிச்சுக்கோங்கப்பா" என்றாள் மகள். "இருபது நிமிஷத்துல நின்னுடும். போன தடவையும் உங்களுக்கு அவ்வளவுதானே ஆச்சு?"