மாடி வீட்டுக்கு மேலே

எங்கள் தெருவில் அவரை வானக்காரர் என்போம். வானத்துக்கு ரேடியோ அலை அனுப்பி, அது எவ்வளவு உயரத்தில் மோதித் திரும்புகிறது என்று அளக்கிற உத்தியோகம். பூமியில் கரிப்புகை கூடக் கூட, உச்சிக் காற்று குளிர்ந்து சுருங்குகிறதாம். அந்த உயரம் வருஷத்துக்கு வருஷம் இறங்குகிறதாம். "நம்ம தலையில இடிக்கும்போது பாத்துக்கலாம், போங்க" என்று சிரித்தோம்.

போன மாதம் தன் மாடி வீட்டை மனைவியின் தம்பிக்கு விற்றுவிட்டுக் கீழ்வீட்டுக்குக் குடிபோனார். முழங்கால் வலியாம். அந்த முழங்காலோடு அவர் தினமும் பூப்பந்தில் துள்ளிக் குதிப்பதை ஊரே பார்க்கிறது. பாவம், தம்பி சேமிப்பையெல்லாம் கொட்டி வாங்கியிருந்தான். ஆளும் நல்ல உயரம்.

நேற்று மத்தியானம் அவன் துணி காயப்போடக் கொடி கட்ட மொட்டை மாடியில் கழியைத் தூக்கினான். எதிர்வீட்டு ஜன்னலில் நான் நின்றிருந்தேன். மேலே வெறும் நீலம். 'டொக்' என்று கேட்டது. நகர்ந்து போய் இன்னொரு இடத்தில் தட்டினான். அங்கேயும் 'டொக்'.

கீழே செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த வானக்காரர் நிமிரவில்லை.

"மாமா, தெரிஞ்சேதான் என் தலையில கட்டினீங்களா?"

"என்ன மச்சான், காத்தோட்டமான வீடுப்பா அது."

"அக்கா! உனக்குமா தெரியும்?"

அக்கா கீழ்வீட்டு ஜன்னலை மெதுவாகச் சாத்தினாள்.

இன்று காலை அவன் துணி எடுக்க மாடிக்கு வந்தான். குனிந்துதான் நடந்தான்.