இருபத்துமூன்றுக்கும் இருபத்தைந்துக்கும் நடுவே

இப்போதெல்லாம் ஆட்கள் முதலில் குனிந்து வணங்குகிறார்கள், பிறகுதான் பொய் சொல்கிறார்கள் என்று தொகுஜிரோ கிழவர் நினைத்துக்கொள்கிறார். வெந்நீர் ஊற்று ஊரின் பேர்போன விடுதிக்கு இன்று நூறு வயது. மேலாளர் ஹிரோசே, வந்தவர்களை மாடி நடையில் அழைத்துப்போய் அதன் சரித்திரம் சொல்கிறான். கண்ணாடிக்கு வெளியே ஊற்றின் ஆவி மெல்ல ஏறுகிறது. உள்ளே விடுதி கொடுத்த வீட்டுச்செருப்புகள் பலகைத் தரையில் உரசுகின்றன. இருபத்துமூன்றாம் அறைக்கு அடுத்தது இருபத்தைந்து. "நம்ம பாஷையில நாலும் சாவும் ஒரே சத்தம், ஆகாத நம்பருங்க. அதனால இருபத்துநாலுன்னு ரூமே வைக்கல." எல்லோரும் சிரிக்கிறார்கள். "கீழ பதினாலு இருக்கே தம்பி," என்கிறார் கிழவர். ஹிரோசே மறுபடி குனிகிறான். "அது பின்னாடி கட்டினது தாத்தா."

கிழவர் சுவரைத் தடவுகிறார். ஒரு கதவு அகலத்துக்கு மட்டும் பலகை வெளுத்திருக்கிறது. "இங்க வேலை பாத்த எங்க அக்கா சாயோ, இதுக்குள்ளதான்டா தீயில செத்தா. அதையும் சொல்லு." சிரிப்பு நின்றுபோகிறது. "இங்க தீயே பிடிச்சதில்லீங்க," என்கிறான் ஹிரோசே. "வேற விடுதியா இருக்கும். டீ ஆறுது, வாங்க." கிழவர் பலகையை விரலால் தட்டுகிறார். உள்ளே வெறுமையாக ஒலிக்கிறது. கீழே வாசலில் அவருடைய செருப்பை மட்டும், கிளம்பும் விருந்தாளிக்குச் செய்வதுபோல, யாரோ அதற்குள் வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்திருக்கிறார்கள். "வேற விடுதியாம்," என்று முணுமுணுத்தபடி அதை மாட்டிக்கொண்டு நடக்கிறார்.