இரண்டு லிட்டர்

மதிய வெயில் ஜன்னல் திரையின் இடுக்கு வழியே லேப்டாப்பின் மேல் கோடு கோடாக விழுகிறது. ஊர் முழுவதன் தண்ணீர் மீட்டர் அளவுகளையும் நாளை கிளவுடில் ஓட்டப்போகிறார்கள். அதற்கு முன் நூறு வீடுகளை மட்டும் எடுத்து, தன் லேப்டாப்பிலேயே ஒரு கண்டெய்னருக்குள், நிரலைத் தனியே அடைத்து ஓட்டும் மென்பொருள் பெட்டிக்குள், ஓட்டிப் பார்க்கிறாள் அவள். விசிறி இரைகிறது. தண்ணீரே செலவாகாத வீடுகளை நீக்க வேண்டும். பதினொரு வீடுகள் போய்விடுகின்றன. இன்னொன்று போகாமல் நிற்கிறது: ஆறு வாரமாகத் தினமும் இரண்டே லிட்டர். இணைப்பு எண்ணைப் பார்க்கிறாள். தண்ணீர் வரவில்லை என்று அம்மாவுக்காகப் புகார் சொல்லும்போதெல்லாம் ஒப்பித்த எண். அம்மா இறந்ததும் சாமான்களை ஏற்றிவிட்டு, ஆறு வாரத்துக்கு முன் வீட்டைப் பூட்டிய அன்று, கடைசியாக அந்த வீட்டுக் குழாயில் கை கழுவியது அவள்தான். பக்கத்து மேசைக்காரன் எட்டிப் பார்க்கிறான். "ரெண்டு லிட்டர்ல யாரு குடும்பம் நடத்துறாங்கக்கா? குழாய் ஒழுகுது, அவ்வளவுதான். அஞ்சுக்குக் கீழ இருந்தா தூக்கிடுங்க." "ஆமா, காலி வீடுதான்," என்கிறாள். குரல் பிசிறவில்லை. நீக்கும் வரம்பில் இருந்த பூஜ்யத்தை அழித்துவிட்டு ஐந்து என்று அடிக்கிறாள். கண்டெய்னர் மறுபடி ஓடி முடிகிறது. பன்னிரண்டு வீடுகள் நீக்கப்பட்டன, பிழை எதுவும் இல்லை என்கிறது திரை. "கிளவுடுக்கு அனுப்பிடலாமாக்கா?" என்று கேட்கிறான். "அனுப்பிடு," என்கிறாள்.