நாலாம் மாடி வீடு

கட்டிலின் தலைமாட்டுப் பலகையைச் சுவரோடு சாய்த்துவிட்டுப் பேரின்பநாயகம் மூச்சு வாங்கினான்.

பலேர்மோ நகரில், பிரான்காச்சோப் பகுதியின் இந்தக் கட்டடத்தில் லிஃப்ட் வேலை செய்வதில்லை. நாலு மாடிக்கும் தோளில்தான் தூக்கி வந்தான்.

விமலராணி ஜன்னலைத் திறந்தாள். எதிரே இதே அச்சில் இன்னொரு சாம்பல் நிறக் கட்டடம். அதற்குப் பின்னால் இன்னொன்று.

"இஞ்சை பாருங்கோ, அப்பிடியே மொஸ்கோ!"

அவளுடைய சந்தோசத்தைப் பார்க்க அவனுக்குச் சிரிப்பு வந்தது. கால்சாவில் கடல் தெரிகிற வீடு ஒன்றை அவளுக்காகப் பேசி வைத்திருந்தான். இதுதான் வேண்டும் என்று அவள் ஒரே பிடியாக நின்றாள். ஏனென்று இப்போது விளங்கியது.

அவன் திருகாணிகளை முடுக்க, அவள் அந்த மொஸ்கோ வீட்டைப் பற்றிக் கதைத்துக்கொண்டே இருந்தாள்.

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு மாரி. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் இவர்கள் இருவரையும் சேர்த்து இரண்டு அறைக்குள் ஒன்பது பேரை அடைத்து வைத்திருந்தான். சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே, சுவரின் உச்சியில் ஒரு ஜன்னல். எதற்கென்று யாருக்கும் தெரியாது. உள்ளே குளிப்பவர் பாட, வெளியே கறி தாளிப்பவர் அதற்குப் பிழை பிடிப்பார்.

வெளியே உறைபனி. உள்ளே சூடேற்றும் குழாயை நிறுத்த வழியில்லை. வியர்த்து வழிய, பால் பையை ஜன்னலுக்கு வெளியே கயிற்றில் தொங்கவிட்டார்கள். காலையில் பால் கல்லாக இருந்தது.

கீழ்வீட்டுக்காரி காலடிச் சத்தம் கேட்டால் குழாயில் கரண்டியால் தட்டுவாள். அதற்குப் பயந்து எல்லோரும் பூனை நடை நடந்தார்கள். ஒருநாள் எல்லோரும் படுத்திருக்கும்போதும் தட்டினாள். விமலராணி எழும்பிப் போய்த் திருப்பித் தட்டினாள். கொஞ்சநேரம் கழித்துக் கீழேயிருந்து மெதுவாக ஒரு தட்டு வந்தது. மனிசிக்குத் தனிமை போலும்.

அவர்கள் உள்ளே இருக்கும்போதே சோவியத் யூனியன் இல்லாமற்போனது. அரிசி கொண்டுவந்த ஏஜென்சிக்காரன் சொல்லித்தான் அதுவும் தெரியும்.

சிரித்துச் சிரித்து அவள் கண்ணைத் துடைத்தாள்.

பிறகு புதிய தலையணைக்கு உறை போடத் தொடங்கினாள்.

"நாளைக்கு இவர் வந்திடுவார்," என்றாள்.

அவன் நிமிரவில்லை. வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோ கிடைத்த நாளிலிருந்து கணவனைக் கூப்பிட அவள் அலைந்த அலைச்சலில் பாதி அவனுடையது. கொழும்பு விமானம் எத்தனை மணிக்கு வந்திறங்கும் என்பதும் அவனுக்குத் தெரியும்.

"இவருக்கு முன்னாலை உங்களை அண்ணை எண்டு கூப்பிடுறன். குறை நினைக்காதேங்கோ."

"ஓம். அதுதான் சரி."

கடைசித் திருகாணியையும் முடுக்கினான். கட்டிலை ஒருமுறை ஆட்டிப் பார்த்தான். கிறீச்சிடவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான்.

படிகளில் யாரோ பொரிக்கும் கத்தரிக்காயின் வாசம்.

மொஸ்கோவில் ஏஜென்சிக்காரன் யாரோ ஒரு கணவன் மனைவியின் பாஸ்போட்டுகளைத் தலை மாற்றி, இவர்கள் படங்களை ஒட்டிக் கொடுத்தான். கணவன் மனைவி போலவே பழகுங்கள் என்றான். அவள் அவனை "இஞ்சாருங்கோ" என்று கூப்பிடத் தொடங்கினாள். பலேர்மோவுக்கு வந்து பாஸ்போட்டுகளைக் கிழித்தெறிந்த பிறகும் அந்தச் சொல் அவள் வாயிலிருந்து போகவில்லை. அவனும் திருத்தவில்லை.

எல்லையில் விசாரித்தால் இருவரும் ஒன்றுபோல் சொல்லவேண்டுமே என்று, அந்த மொஸ்கோச் சமையலறையில் இருந்தபடி ஒரு கலியாணக் கதையையும் சோடித்தார்கள். ஆனி மாதம். தாலி கட்டும் நேரம் பார்த்து மழை. பந்தல் ஒழுகி அவனுடைய பட்டுவேட்டி நனைந்துபோனது.

மழையைச் சேர்த்தது அவள்.

எந்த எல்லையிலும் எவரும் அதைக் கேட்கவில்லை.