படிக்கட்டுப் பெட்டி காட்டிய சிவப்பு

ஒரு வீட்டில் மூன்று வைஃபை பெட்டிகள் இருந்தன. ஹாலில் இருந்த பெரியது தெருவிலிருந்து வரும் இணையத்தை வாங்கிப் படிக்கட்டுப் பெட்டிக்குக் கொடுக்கும். அது மாடிப் பெட்டிக்குக் கொடுக்கும்.

அன்று காலையிலிருந்து தெருவிலிருந்தே ஒன்றும் வரவில்லை.

"அண்ணே, மேலே ஒண்ணுமே வரலையே?" என்றது மாடிப் பெட்டி.

படிக்கட்டுப் பெட்டி பெரியதிடம் கேட்டது.

"வந்துரும். அதுவரைக்கும் நீல விளக்கை எரிய விடு. சிவப்பைக் காட்டினா பழுதுன்னு நம்மளைத் தூக்கிப் போட்டுருவாங்க" என்றது பெரியது.

மாடியில் மெஹருன்னிசா கைபேசியும் கையுமாக இருந்தாள். கப்பலில் வேலை பார்க்கும் கணவன் அன்று கரையிறங்கி இணையத்தில் கூப்பிடுவான். மறுபடி ஏறிவிட்டால் மாதக்கணக்கில் கடல்தான். அவள் அடிக்கடி படிக்கட்டுக்கு வந்து நீல விளக்கைப் பார்த்தாள். "எல்லாம் சரியாத்தான் இருக்கு. அவருக்குத்தான் நேரமில்லை போல" என்று முணுமுணுத்தபடி திரும்பினாள்.

அவள் முகம் வாடுவதைப் படிக்கட்டுப் பெட்டியால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. சிவப்பைக் காட்டியது.

"குடியைக் கெடுத்தியேடா!" என்று கத்தியது பெரியது.

மெஹருன்னிசா ஓடிவந்து ஒயரைப் பிடுங்கினாள். பெட்டிக்கு எல்லாம் இருண்டது. மறுபடி செருகினாள். உயிர் வந்ததும் அது சிவப்பையே காட்டியது.

அவள் செருப்புகூடப் போடாமல், வேறு கம்பெனி இணையம் வைத்திருந்த பக்கத்து வீட்டுக்குக் கைபேசியோடு ஓடினாள்.

பெரியது விடாமல் திட்டிக்கொண்டிருந்தது. படிக்கட்டுப் பெட்டியோ பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து வந்த குரலைக் கேட்டுக்கொண்டிருந்தது.

"மச்சான், நான்தான்... அழலை, நீங்க பேசுங்க."