எங்கேயோ ஒழுகுது

மேனேஜர் லீவு லெட்டரை மூக்குக்கண்ணாடிக்கு அருகே பிடித்துப் படித்தார். எதிரே அவன் கைகட்டி நின்றான்.

“மூணு நாளா? நான் ஒருத்தன் இல்லேன்னா இந்த ஆபீஸ் குட்டிச்சுவராப் போயிடும். உங்களுக்கென்ன, லெட்டரை நீட்டிட்டுப் போயிடுவீங்க.”

“காரணம் எழுதியிருக்கேன் சார்.”

“‘தாயார் காலமாணார்.’ ரெண்டு சுழி ‘ன’ போடணும்யா. மூணு சுழி போட்டிருக்கீங்க.” சிவப்பு மையால் வட்டம் போட்ட பிறகுதான் அந்தச் சொல் அவருக்கு உறைத்தது. குரல் இறங்கியது. “அடடா… எப்போ?”

“காலையில சார்.”

“அப்பா இருக்காரா?”

“இருக்கார் சார்.”

“அவரைத் தனியா விட்டுடாதீங்க. நாங்கெல்லாம் வெளியில வீராப்பாத்தான் இருப்போம். உள்ளுக்குள்ள ஒடிஞ்சிடுவோம்.”

கையெழுத்துப் போடும்போது லெட்டரின் மேல் ஒரு சொட்டு விழுந்து சிவப்பு மை கலைந்தது. மேனேஜர் எரிச்சலோடு அண்ணாந்து பார்த்தார்.

“மேல எங்கேயோ ஒழுகுது. உடனே ஆளைக் கூப்பிடுங்க.”

“சரி சார்.”

அவன் துண்டால் அவர் கன்னங்களைத் துடைத்தான். பேனாவை வாங்கி வைத்தான். கால்களைத் தூக்கிக் கட்டிலில் வைத்து, போர்த்திவிட்டு வெளியே வந்தான்.

கூடத்தில், அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அக்கா நிமிர்ந்தாள்.

“அப்பாகிட்ட சொன்னியாடா? இன்னைக்காவது உன்னை அடையாளம் தெரிஞ்சுதா?”

“இன்னைக்கும் மேனேஜர்தான்க்கா. மூணு நாள் லீவு குடுத்திருக்கார்.”